செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

உரிமையை வாங்குவதுகூடச் சுலபம்தான். வாங்கிய உரிமையைச் சொந்தக்காரர்கள் தலையில் கட்டுவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடுகிறது. அந்தத் திங்கட்கிழமை காலை, சலவைக்கூடத்தின் பின்முற்றத்தில் ஈரத் துண்டுகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த மனுக்காரியின் மனசில் ஓடியது இதுதான். ஒவ்வொரு உதறலிலும் ஒரு சொந்தக்காரர் உதறப்பட்டார். சின்னத் துண்டுகளில் கொழுந்தனும் ஓரகத்தியும் போனார்கள். பெரிய துண்டு கைக்கு வந்தபோது நாத்தனார். அதை மட்டும் இரண்டு தடவை உதறினாள்.

அவளுக்கும் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ஒன்று இருந்தது. நகரசபைக்கு மனு மேல் மனுவாகப் போட்டதில் அது தேய்ந்து, சம்பளச் சீட்டில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கட்டிய கணவனே தெருவில் நின்று, "நம்ம மனுக்காரிய யாராச்சும் பாத்தீங்களா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

ஊருக்கு நடுவே ரயில் லைன் போகிறது. இந்தப் பக்கம் ஊர். அந்தப் பக்கம் இருப்பவர்கள் லைன்காரர்கள். பாட்டன் பூட்டன் காலத்தில் தண்டவாளம் போடக் கூட்டிவரப்பட்டவர்கள். வேலை முடிந்தும் திரும்பிப் போக மறந்துவிட்டார்கள் என்பது ஊரார் சொல்லிச் சிரிக்கும் பழைய நகைச்சுவை. அவர்கள் போட்ட லைனை வைத்தே அவர்களை அந்தப் பக்கம் ஒதுக்கியதை மட்டும் யாரும் நகைச்சுவையாகச் சொல்வதில்லை.

இந்தப் பக்கத்தில், பூங்காவை ஒட்டி, நகரசபையின் நீச்சல்குளம் இருந்தது. சுற்றிலும் உயரமான இரும்புக் கம்பி வேலி. ஊரார் அதை மீன்குளம் என்பார்கள். அங்கே கொடுக்கிற வெள்ளைத் துண்டுகளின் மூலையில் நீல நூலில் ஒரு மீன் தைத்திருக்கும், அதனால் அந்தப் பேர் என்று லைன்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். மனுக்காரியின் அம்மா அந்தத் துண்டுகளைத்தான் துவைத்தாள். சிறு பிள்ளையாக மனுக்காரி மூட்டையின் ஒரு முடிச்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவோடு பின்கதவுவரை நடப்பாள். உள்ளேயிருந்து ஒரு கை வரும், மூட்டையை வாங்கும், கதவு சாத்திக்கொள்ளும்.

"ஏம்மா, நாம தொவச்ச துண்டு உள்ள போகுது, நாம மட்டும் ஏன் போகக் கூடாது?"

"துண்டு கேள்வி கேக்காது, அதான் விடுறாங்க. வாய மூடிட்டு நட."

வாயை மூடுகிற வித்தை அவளுக்குக் கடைசிவரை வரவில்லை.

லைன்காரப் பிள்ளைகள் கோடையில் குளித்தது கைவிடப்பட்ட கல்குவாரியில். மனுக்காரியின் தம்பியும் அங்கேதான் இறங்கினான். ஏறவில்லை. விசாரிக்க வந்த அதிகாரி தொப்பியைக் கழற்றிவிட்டு, வருத்தமாகத்தான் கேட்டார்: "நீச்சல் தெரியாத பையன் எதுக்கும்மா தண்ணியில எறங்குனான்?"

"கத்துக்கிறதுக்கு எங்கள உங்க குளத்துல விட்டீங்களா சார்?" என்றாள் அவள். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. அதிகாரி தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு போய்விட்டார். அவள் அன்றைக்கு எழுத உட்கார்ந்தவள்தான்.

முதல் மனுவுக்கு, குளம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பதில் வந்தது. புதிதாகச் சேர, ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவர் சிபாரிசு செய்ய வேண்டும். லைன்காரர்களுக்குத் தெரிந்த உறுப்பினர்கள் எல்லாம் அவர்கள் துவைத்த துண்டில் முகம் துடைத்தவர்கள்தான். அவர்களுக்குத் துண்டைத் தெரியும், ஆளைத் தெரியாது. அடுத்த மனுவுக்கு, உடல்நலச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தெருவையே திரட்டி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி அதையும் வாங்கினாள். அப்படியானால் தோல் நலச் சான்றிதழ் தனியாக வேண்டும் என்றார்கள். அதையும் வாங்கினாள். எல்லோரும் திடகாத்திரமாக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் குளத்துக்கு உடம்பு சரியில்லாமல் போய்விட்டது. 'பழுது பார்க்கப்படுகிறது' என்று பலகை தொங்கியது. உள்ளே யாரும் சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் புல் முளைத்து, பூ விட்டு, காய்ந்தது.

இந்த நேரத்தில்தான் லைன்காரர் சங்கத் தலைவர், தெருவுக்கே பெரியப்பா, நகரசபைக்காரர்களோடு உட்கார்ந்து பேசி ஒரு சமாதானத்தோடு வந்தார். பழுதுப் பலகையைக் கழற்றி, வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை, லைன்காரர்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மாலை போட்டு அழைத்துவந்தார்கள் அவரை. மனுக்காரி மட்டும் குறுக்கே நின்றாள்.

"பெரியப்பா, அந்தக் குளத்துல திங்கக்கிழமைதான் தண்ணி மாத்துறாங்க. வாரம் பூரா ஊரே குளிச்சு, எண்ணெயும் அழுக்கும் மெதக்குற தண்ணிதான் ஞாயித்துக்கிழமை. நாம குளிச்சதும் அந்தத் தண்ணிய அவங்க தெறந்து விட்டுருவாங்க. புரியுதா?"

"அழுக்கோ புழுக்கோ, தண்ணி தண்ணிதானம்மா! சாண் ஏறினா முழம் சறுக்குற காலத்துல சாண் ஏறியிருக்கோம். கைதட்டுவியா, கண்ணுல வெரல விட்டு ஆட்டுவியா?"

தெரு கைதட்டியது. அவள் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு, மற்ற ஆறு நாளுக்காகக் கிளம்பினாள்.

கூட வந்தது சலவைக்கூடத்துப் பெண்கள் சிலர்தான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வேலை நாளாகப் பார்த்துக் குளத்தின் முன்வாசலில் போய் வரிசையில் நிற்பார்கள். வாசல்காரர் கதவைச் சாத்துவார். போலீஸ் வண்டி வரும். ஒரு தடவை ஸ்டேஷனில் சாயங்காலம்வரை உட்காரவைத்தார்கள். சும்மா இருக்க முடியாமல், "இந்தத் திரைச்சீலைய எல்லாம் சலவைக்குப் போடுற பழக்கமே இல்லையா சார்?" என்று கேட்டு, அதற்குத் தனியாக ஒரு திட்டு வாங்கினாள். வாசலில் நின்று ஒன்றும் நடக்கவில்லை என்றதும், கடைசியில் கையில் இருந்ததையே ஆயுதமாக்கினார்கள். குளத்துத் துண்டை மட்டும் துவைக்க மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஊர்ப் பெரிய மனிதர்களும் அவர்கள் வீட்டம்மாக்களும் தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட வீட்டுக்கு நடந்த காட்சியை, லைன் ஓரமாக நின்று தெருவே பார்த்தது. மனுக்காரியின் மனுக்கள் சாதிக்காததை வீட்டம்மாக்களின் தும்மல் சாதித்தது. விவகாரம் முற்றி நீதிமன்றத்துக்குப் போனது. எந்த நாளும் எவரும் வரலாம் என்று தீர்ப்பானது.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும். முடிந்திருந்தால் திங்கட்கிழமை காலையில் அவள் ஏன் துண்டை இப்படி உதறப் போகிறாள்?

கோடை வந்தது, குளம் திறந்தது. லைன்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு, சாப்பாட்டு மூட்டையோடு, சீட்டுக்கட்டோடு, கைக்குழந்தையோடு ஆரவாரமாகக் கிளம்பிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரமும் ஞாயிற்றுக்கிழமை. அதற்கடுத்த வாரமும். ஒரு ஈ, காக்காய்கூட வேறு நாளில் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்கள் வர மாட்டார்கள், குளமே லைன்காரர்களுடையது. கத்தலாம், பாடலாம், கரையிலேயே காலை நீட்டித் தூங்கலாம். நீச்சல் ஒருவருக்கும் தெரியாது. ஆழமில்லாத பக்கத்தில் இடுப்பளவு பச்சைத் தண்ணீரில் நின்றுகொண்டு வீட்டுக் கதை பேசிவிட்டு வருவார்கள்.

அந்தத் திங்கட்கிழமை, துண்டுகளை ஒப்படைக்கப் போனபோது குளத்தின் கண்காணிப்பாளர் அவளை நிறுத்தினார். முகத்தில் தேன் வழிந்தது.

"உங்களுக்கு ஒரு நல்ல சேதி. உங்க ஆளுங்களுக்கு ஞாயித்துக்கிழமைதான் பிடிச்சிருக்கு, நாங்களும் பாத்துட்டுத்தானே இருக்கோம். அதனால 'அவரவர் நாள்'னு மறுபடியும் தீர்மானம் கொண்டுவரப் போறாங்க. இந்தத் தடவை கட்டாயம் இல்ல, உங்க விருப்பம். விருப்பத்த மதிக்கணும் இல்லையா? நாளைக்குச் செவ்வாய்க்கிழமை சபைக் குழு நேர்ல வந்து பாக்குது. லைன்காரங்க யாரும் இல்லைன்னா, எழுதிட வேண்டியதுதான்."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. இந்த ஆள் சொல்வது பொய்யாக இருந்தால் சண்டை போடலாம். உண்மையை வைத்துக்கொண்டு அல்லவா இளிக்கிறான்!

சாயங்காலம் வேலை விட்டதும் வீடு வீடாக ஏறினாள். நாளைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றாள். ஓரகத்திக்குச் சளி. கொழுந்தனுக்குச் செவ்வாய் ராசியில்லை. எதிர்வீட்டுத் தையல்காரருக்கு அவசர வேலை, அந்த அவசர வேலையின் மேல் பூனை படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பா தன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண் கலங்கினார்.

"ஞாயித்துக்கிழமை நாம போராடி வாங்குன நாளும்மா. அத விட்டுக்குடுக்கச் சொல்றியா?"

"ஐயோ பெரியப்பா! அது அவங்க தள்ளிவிட்ட நாளு! நாம போராடி வாங்குனது மத்த ஆறு நாள!"

"அந்த ஆறு நாளும் எங்கம்மா ஓடிப் போகப் போகுது? நம்ம பேர்ல பத்திரமா இருக்கு. தேவைப்படும்போது எடுத்துக்கலாம்."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் என்றால் அது பெரியப்பா வீட்டுச் சுவர், இடிந்தாலும் இடியும். எழுந்து வந்தாள்.

வீட்டில் கணவன் பஸ் டிரைவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நீங்களாவது வாங்களேன்."

"எனக்கு நாளைக்கு டூட்டி."

"மத்தியானத்தோட முடியுதுல்ல?"

"முடிஞ்சதும் தூங்கணும்ல? இந்தா பாரு, நான் தலைக்குத் தண்ணி ஊத்தும்போதே கண்ண மூடிக்கிற ஆளு. என்னப் போய்க் குளத்துல எறங்கச் சொன்னா?"

அவனைவிட மோசம், கூடத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்த அவன் தங்கை. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வாயில் விழுந்த சேதி லைன் முழுக்கப் பரவ ரயில் வேகம் போதாது.

"ஊரக் கூப்பிடுறீங்களே அண்ணி, நீங்க எப்பவாச்சும் அந்தத் தண்ணியில எறங்கியிருக்கீங்களா?" என்றாள் நாத்தனார்.

கணவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டான்.

இறங்கியதில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் சபதம். மற்ற நாளில் சலவை. யாரும் கேட்டதில்லை என்பதால், தம்பி போன நாளிலிருந்து கணுக்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினாலே மூச்சு அடைக்கும் என்பதை அவளும் யாரிடமும் சொன்னதில்லை.

"நாளைக்கு எறங்குறேன்," என்றாள். "தனியாளா எறங்குறேன். நீங்கல்லாம் கடலையத் தின்னுங்க."

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள். கணவனின் பழைய டிரைவர் சட்டையை வெட்டித் தைத்த நீச்சல் உடுப்பு, முழங்கால்வரை கால்சட்டை. வாசல்காரர் சீட்டைக் கிழித்துவிட்டு மேலும் கீழும் பார்த்தார்.

"இது நீச்சல் உடுப்பாம்மா? சாயம் போச்சுன்னா?"

"போகாது. போறதெல்லாம் எப்பவோ போயிடுச்சு. வழிய விடுங்க."

கரையில் குடை விரித்த நாற்காலிகளில் சபைக் குழு உட்கார்ந்திருந்தது. கண்காணிப்பாளர் அவர்களுக்குப் பழரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் சிலர் தண்ணீரில் இருந்தார்கள், அவளைக் கண்டதும் பேச்சைப் பாதியில் நிறுத்தினார்கள். அவள் படியின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை வைத்தாள். பனிக்கட்டியாகக் குளிர்ந்தது. கணுக்கால் நனைந்தது.

அந்த நேரம் பார்த்து வேலிப் பக்கம் ஒரு சலசலப்பு. திரும்பினாள். கம்பி வேலி நெடுக முகங்கள். ஓரகத்தியின் சளி சரியாகியிருந்தது. கொழுந்தன் ராசியில்லாத செவ்வாய்க்கிழமையில் ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டிருந்தான். பெரியப்பாவுக்கு ஒருவர் நாற்காலியே தூக்கி வந்திருந்தார். எல்லாருக்கும் நடுவில் நாத்தனார், கடலைப் பொட்டலத்தோடு.

உரிமைக்குக் கூப்பிட்டால் வராத கூட்டம் வேடிக்கைக்கு வந்து நின்றது.

"உள்ள வாங்க!" என்று கத்தினாள் மனுக்காரி.

"நீங்க எறங்குங்க அண்ணி, நாங்க இங்கேருந்தே பாத்துக்கிறோம்!"

"எம் மானத்த வாங்கவே வந்தீங்களா? இதுக்கா நான் ஸ்டேஷன்ல உக்காந்தேன்? இதுக்கா எங் கையெல்லாம் தேயத் தேய எழுதினேன்?"

"கையப் பாத்துப் பிடிங்க அண்ணி, வழுக்கப் போகுது!"

குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறிப்பெடுத்தார். வேலிக்கு வெளியே நிற்பவர்கள் வந்தவர்கள் ஆக மாட்டார்கள், அது அவளுக்குத் தெரியும். ஆத்திரத்தில் அடுத்த படி, அதற்கடுத்த படி என்று இறங்கிவிட்டாள். பயப்பட நேரமில்லாத அளவுக்குக் கோபம் இருந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் தரை தட்டியது. மூச்சு அடைத்தது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதையாவது உறுதியாகப் பார்க்க வேண்டும் என்று தன் காலைப் பார்த்தாள்.

கால் தெரிந்தது. ஒவ்வொரு விரலாக, சோடாவும் சோப்பும் தின்ற நகம்வரை தெரிந்தது. விரலுக்குக் கீழே ஒரு கண், அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணைச் சுற்றி நீலச் செதில்கள். குளத்தின் அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைவரை வளைந்து கிடந்த ஒரு மீனின் தலைமேல் அவள் நின்றுகொண்டிருந்தாள். பிறந்ததிலிருந்து துண்டு துண்டாக அவள் துவைத்த அதே மீன்.

"ஏய்!" என்றாள். "தரையில மீனுடி!"

"செத்துப் போச்சா?" என்றாள் நாத்தனார்.

"டைல்ஸ்டி! டைல்ஸ்ல பண்ணின மீனு! இம்மாம் பெருசு!"

"பொய் சொல்லாதீங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை நாங்க பாக்காத தரையா?"

"ஞாயித்துக்கிழமை உன் முழங்காலே உனக்குத் தெரியாதேடி! அங்கேருந்து கத்தாம வந்து பாரு! எம் பேச்ச என்னைக்கு நம்பியிருக்கே, வந்து உங் கண்ணால பாரு!"

நாத்தனாருக்கு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்க வரும், தன் கண்ணால் பார்க்காத சேதியை விட்டுக்கொடுக்க வராது. கடலையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சீட்டு வாங்கும் ஜன்னலுக்கு நடந்தாள். ஓரகத்தி அவளுக்கு முந்தப் பார்த்தாள். உடுப்பு சரியில்லை, கட்டின துணியோடு இறங்கக் கூடாது என்று வாசல்காரர் நாலு பேரைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் ஓட்டமாக லைன் தாண்டிப் போய் மாற்றிக்கொண்டு, போன வழியெல்லாம் சேதியைச் சொல்லி, எட்டு பேராகத் திரும்பி வந்தார்கள். தையல்காரரும் வந்தார், பூனையை மட்டும் விட்டுவிட்டு. யாரும் தீர்மானத்தைப் பற்றியோ தீர்ப்பைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லோரும் குனிந்து தண்ணீருக்குள் பார்த்தபடி, வால் எங்கே, செதில் எங்கே, இது ஆணா பெண்ணா என்று சண்டை போட்டார்கள். தண்ணீரில் இருந்த ஊர்க்கார அம்மாள் ஒருத்தி, சற்றுத் தயங்கி, "வால் அந்தப் பக்கம், ஆழத்துல இருக்கு. போயிடாதீங்க," என்றாள்.

பெரியப்பாவை இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துப் படியில் இறக்கினார்கள். அவர் வெகுநேரம் காலடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க முகம் சிவந்தது.

"இத்தன வருஷமா," என்றார், "இத்தன வருஷமா நம்ம காலுக்குக் கீழ இதுவா கெடந்துச்சு? சேறுன்னுல்ல நெனச்சேன்! என்ன அநியாயம் இது! ஏம்மா, சும்மாவா நிக்கிற? ஒரு மனு எழுது!"

"எழுதியாச்சு பெரியப்பா!" மனுக்காரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "எல்லாம் எழுதி, வாங்கி, வச்சாச்சு! வந்து நின்னாப் போதும்! அது ஒண்ணத்தான் நான் மனுப் போட்டு வாங்க முடியாது!"

குடைக்கடியில் கண்காணிப்பாளர் குழுவிடம் எதையோ விளக்க முயன்றார். தண்ணீரிலிருந்து வந்த கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. குழுவில் குறிப்பெடுத்தவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "அவரவர் நாள்னு இனிமே எதச் சொல்லி எழுதறது?" என்று எழுந்தார். பழரசம் பாதியில் நின்றது.

கைப்பிடிக் கம்பியை எப்போது விட்டாள் என்று மனுக்காரிக்குத் தெரியாது. நாத்தனாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நாத்தனாரோ, நீச்சலில் கரைகண்டவள் போல, "காலத் தூக்குங்க அண்ணி, நான் பிடிச்சிக்கிறேன்," என்று உபதேசம் செய்துகொண்டிருந்தாள். தூக்கினாள். இருவரும் சேர்ந்து முங்கினார்கள். இருமிக்கொண்டு எழுந்தபோது வேலிக்கு வெளியே, தூங்க வேண்டிய நேரத்தில், ஒரு டிரைவர் சட்டை நின்று கம்பியை உலுக்கிக்கொண்டிருந்தது.

"மூச்ச விடுடி! மூச்ச விடு!"

"விட்டுட்டுத்தான் இருக்கேன்! உள்ள வர்றதா இருந்தா வாங்க, இல்லேன்னா கத்தாதீங்க!"

வெயில் சாய்ந்தபின் ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். வாசல்காரர் துண்டுகளை அடுக்கி வைத்த மேஜைக்குப் பின்னால் நின்றார். ஓரகத்தி தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று எடுத்தாள். கொழுந்தன் தோளில் ஒன்று போட்டு, உட்காரத் தரையில் ஒன்று விரித்தான். பெரியப்பாவுக்குக் குளிர் என்று மூன்றைச் சுற்றினார்கள். நாத்தனார் கடலைப் பொட்டலத்தையே ஒன்றில் துடைத்தாள். மூலை மூலையாக நீல மீன்கள் ஈரத்தில் நசுங்கிக் குவிந்தன.

நாளைக் காலை அந்தக் குவியல் எங்கே வரும், யார் கைக்கு வரும் என்பது அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சொட்டச் சொட்ட மேஜையை நோக்கி ஓடினாள்.

"ஆளுக்கு ஒண்ணு! ஏய், ஆளுக்கு ஒரு துண்டுதான்! வைடி அத கீழ!"